இரண்டு விமானங்களுக்காகப் பதினான்கு

கேட்கப்பட்ட கேள்வி இது: செக் குடியரசு, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, குரோவேஷியா போன்ற நாடுகள் பன்னிரண்டோ பதினான்கோ போர் விமானங்களோடு நிறுத்திக்கொள்கின்றன, அயர்லாந்திடமும் நியூசிலாந்திடமும் ஒன்றுகூட இல்லை. இவ்வளவு குறைந்த எண்ணிக்கையால் என்ன பயன்? இல்லாதவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? இந்த எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்கினால் மற்ற இரண்டுக்கும் விடை தானாகவே வந்துவிடும். ஒரு சிறிய நாட்டின் விமானப்படையை அளக்க விரும்புகிறவர்கள் மொத்த எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். விமானப்படையின் உள்ளே இருப்பவர்களோ இரண்டு என்ற எண்ணிலிருந்துதான் கணக்கைத் தொடங்குவார்கள். இரவோ பகலோ, பண்டிகை நாளோ பனிக்கொட்டும் நாளோ, அழைப்பு வந்த சில நிமிடங்களில் இரண்டு ஆயுதமேந்திய விமானங்கள் ஓடுதளத்தை விட்டு மேலே எழும்ப வேண்டும். அமைதிக் காலத்தில் ஒரு நாட்டின் வான்வெளியைக் காப்பது என்பதன் நடைமுறைப் பொருள் இவ்வளவுதான். பன்னிரண்டு, பதினான்கு என்பவையெல்லாம் இந்த இரண்டை ஆண்டு முழுவதும் ஓய்வின்றி நிறுத்தி வைப்பதற்கு ஆகும் செலவு.

அந்தத் தயார்நிலைப் பணியைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். ஓடுதளத்தின் முனையை ஒட்டி ஒரு கொட்டகை. அதற்குள் எரிபொருள் நிரப்பி, ஏவுகணை மாட்டி, ஏணி சாய்த்து வைத்த நிலையில் இரண்டு விமானங்கள். பக்கத்து அறையில் விமானிகள் இருவர், பறக்கும்போது அணியும் இறுக்க உடையைக் கழற்றாமலே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டோ அரைத்தூக்கத்திலோ இருப்பார்கள். வானொலித் தொடர்புக்குப் பதில் சொல்லாத ஒரு பயணிகள் விமானத்தையோ, தான் யார் என்று ரேடாருக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவியை அணைத்துவிட்டு எல்லையோரமாகப் பறக்கும் ஓர் அயல்நாட்டு ராணுவ விமானத்தையோ ரேடார் அறையில் யாராவது கவனித்தால் மணி ஒலிக்கும். மேலே எழும்பப் பெரும்பாலான நாடுகள் வைத்துக்கொள்ளும் கெடு பதினைந்து நிமிடம். ஏன் ஒன்று போதாது, இரண்டு? ஒன்று அந்த விமானத்தின் பக்கவாட்டில் போய், விமானி அறைக்குள் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சைகை செய்யும். மற்றொன்று பின்னால் தள்ளி நின்று, தேவைப்பட்டால் சுடக்கூடிய நிலையில் காத்திருக்கும்.

இப்போது ஆள் கணக்குக்கு வருவோம். 24 மணி நேர முறைப்பணியில் நாளொன்றுக்கு இரண்டு விமானிகள் என்றால் ஆண்டுக்கு 730 முறைகள். ஒரு விமானி மாதத்துக்கு நான்கு முறை இந்தப் பணியில் அமரலாம்; விடுப்பு, மருத்துவப் பரிசோதனை, சிமுலேட்டர் பயிற்சி, வெளிநாட்டுப் பயிற்சி எல்லாம் போக ஆண்டுக்கு நாற்பத்தைந்து முறை என்று வைத்தால் ஏறத்தாழப் பதினாறு விமானிகள் வேண்டும். அந்தப் பதினாறு பேரும் கை மறந்துபோகாமல் இருக்க மற்ற நாட்களில் பறந்தாக வேண்டும். ஆகவே, பதினான்கு விமானங்கள் உள்ள ஒரு படையில் இரண்டு இரட்டை இருக்கை விமானங்கள் பயிற்சிக்கே போய்விடும். இரண்டோ மூன்றோ முழுப் பராமரிப்புக்காகப் பிரித்துப் போடப்பட்டிருக்கும். ஒன்றிரண்டு ஏதோ ஓர் உதிரி பாகத்துக்காகக் காத்துக்கிடக்கும். இரண்டு தயார்நிலையில் நிற்கும், அவற்றுக்கு மாற்றாக ஒன்று பக்கத்தில் இருக்கும். மிச்சமிருக்கும் நான்கைந்துதான் அன்றாடப் பயிற்சிக்கு. இது எந்த நாட்டின் அதிகாரபூர்வக் கணக்கும் அல்ல, நான் விளக்கத்துக்காகப் போட்டுக் காட்டியது. ஆனால் யார் போட்டாலும் ஏறத்தாழ இங்கேதான் வந்து நிற்கும்.

நாடுகள் வாங்கியிருப்பதைப் பார்த்தாலே இது தெரியும். 2005-ல் செக் குடியரசு ஸ்வீடனிடமிருந்து குத்தகைக்கு எடுத்த கிரிப்பன் போர் விமானங்கள் 14. அடுத்த ஆண்டு ஹங்கேரிக்கு வரத் தொடங்கிய கிரிப்பன்களும் 14. இரு நாடுகளிலும் பன்னிரண்டு ஒற்றை இருக்கை, இரண்டு இரட்டை இருக்கை என்ற ஒரே பிரிவினை. 2018-ல் ஸ்லோவாக்கியா கேட்ட எஃப்-16 விமானங்களும் 14, அவற்றிலும் அதே பிரிவினை. குரோவேஷியா 2021-ல் பிரான்ஸிடமிருந்து பழைய ரஃபேல்களை வாங்கியபோது 12 என்று நிறுத்திக்கொண்டது. ஆஸ்திரியா 18 டைஃபூன் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டு, பிறகு 15 ஆகக் குறைத்தது. தனித்தனியாக முடிவெடுத்த இத்தனை அரசுகளும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன என்றால், அந்த எண்ணைத் தீர்மானித்தது பட்ஜெட் மட்டும் அல்ல.

விமானம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஸ்விட்சர்லாந்தைவிடப் பொருத்தமான சாட்சி கிடையாது. 2014 பிப்ரவரி 17 அதிகாலை, அடிஸ் அபாபாவிலிருந்து ரோம் நோக்கிப் போய்க்கொண்டிருந்த எத்தியோப்பியன் ஏர்லைன்ஸின் போயிங் 767 விமானத்தில் விமானி கழிவறைக்குப் போன நேரம் பார்த்துத் துணை விமானி கதவைப் பூட்டிக்கொண்டார். விமானத்தை ஜெனீவாவுக்குத் திருப்பி, காலை ஆறு மணி அளவில் இறக்கி, விமானி அறை ஜன்னல் வழியாகக் கயிற்றைப் பிடித்து இறங்கிவந்து அடைக்கலம் கேட்டார். யாருக்கும் காயமில்லை. வழியில் அந்த விமானத்துக்குத் துணையாகப் பறந்தவை முதலில் இத்தாலிய டைஃபூன்கள், பிறகு பிரெஞ்சு மிராஜ்கள். ஸ்விஸ் விமானப்படையிடம் அப்போது முப்பதுக்கும் மேற்பட்ட எஃப்/ஏ-18 ஹார்னெட் விமானங்கள் இருந்தன. ஆனால் அது காலை எட்டு மணிக்குத் தொடங்கி, நண்பகலில் ஒன்றரை மணி நேரம் உணவு இடைவேளை விட்டு, மாலை ஐந்து மணிக்கு மூடும் அலுவலக நேரப் படையாக இருந்தது. உலகமே சிரித்தது. சிரித்தவர்கள் கவனிக்காத செய்தி அதற்குப் பின்னால் இருக்கிறது: அந்தக் குறையைச் சரிசெய்ய ஸ்விட்சர்லாந்து ஒரு விமானம்கூடப் புதிதாக வாங்கவில்லை. விமானிகள், தரைப்பணியாளர்கள், ரேடார் கண்காணிப்பாளர்கள் எனச் சுமார் நூறு புதிய பணியிடங்களை உருவாக்கி, 2016-ல் தொடங்கிப் படிப்படியாக நேரத்தை நீட்டித்து, 2020-ன் கடைசி நாளில்தான் 24 மணி நேரப் பணிக்கு வந்து சேர்ந்தது. அதே ஹார்னெட்டுகள்தான், மாறியது ஆட்களின் எண்ணிக்கை. ஒரு செல்வந்த நாட்டுக்கே இதற்கு ஐந்து ஆண்டுகள் ஆயின.

ஸ்விட்சர்லாந்தில் விமானம் வாங்குவது பொதுவாக்கெடுப்புக்கும் போகக்கூடிய விஷயம் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். 22 கிரிப்பன்கள் வாங்கும் திட்டத்தை 2014 மே மாதத்தில், அதாவது மேற்சொன்ன சம்பவம் நடந்த மூன்றே மாதங்களில், மக்கள் 53.4 சதவீத வாக்குகளால் தள்ளுபடி செய்தார்கள். 2020 செப்டம்பரில் புதிய விமானங்களுக்கு 600 கோடி பிராங்க் ஒதுக்கும் திட்டம் 50.1 சதவீதத்தில் மயிரிழையில் தப்பியது.

பக்கத்து நாடான ஆஸ்திரியாவின் கதை வேறு மாதிரி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டுக்கு முழு இறையாண்மையைத் திருப்பித் தந்த 1955-ம் ஆண்டு உடன்படிக்கை, அது ஏவுகணைகள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதித்தது. எனவே எண்பதுகளின் பிற்பகுதியில் ஸ்வீடனிடமிருந்து வாங்கிய 24 பழைய டிராக்கன் விமானங்களும், ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் பாயும் அந்த இயந்திரங்களும், வெறும் பீரங்கியோடு பறந்தன. 1991-ல் ஸ்லோவேனியா யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்தபோது மூண்ட சண்டையில் யூகோஸ்லாவிய மிக்-21 விமானங்கள் எல்லையைத் தாண்டி ஆஸ்திரிய வானுக்குள் வந்தன. அதன் பிறகு, உடன்படிக்கையின் அந்த விதி காலாவதியானதாகக் கருதப்பட்ட நிலையில், 1993-ல் டிராக்கன்களுக்குச் சைட்வைண்டர் ஏவுகணை கிடைத்தது. டிராக்கன்கள் ஓய்வு பெற்று டைஃபூன்கள் வருவதற்கு இடையிலான காலத்தை, ஸ்விட்சர்லாந்திடமிருந்து 12 எஃப்-5 விமானங்களை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். மறுபடியும் பன்னிரண்டு.

இனி, சொந்தமாக ஒன்றும் வைத்துக்கொள்ளாதவர்கள். எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றின் மக்கள்தொகையையும் கூட்டினாலும் சென்னை மாநகரத்தின் அளவுக்கு வராது. 2004 மார்ச் 29-ல் அவை நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்தன. மறுநாளே லிதுவேனியாவின் ஷவுலேய் தளத்திலிருந்து பெல்ஜியத்தின் எஃப்-16 விமானங்கள் வான்காவலைத் தொடங்கிவிட்டன. அன்றிலிருந்து நேட்டோ நாடுகள் முறைவைத்து, சில மாதங்களுக்கு ஒரு நாடாக, விமானங்களை அனுப்பி வருகின்றன. 2014-ல் ரஷ்யா கிரீமியாவைக் கைப்பற்றிய பின் எஸ்தோனியாவின் ஆமரி தளமும் சேர்ந்தது.

தொடக்கத்தில் அங்கே நின்றவை வெறும் நான்கு விமானங்கள். பதினான்கு இல்லாமல் முடியாது என்று மேலே சொன்னதோடு இது முரண்படுவதுபோல் தோன்றும். முரண் இல்லை, அந்த நான்கின் பின்னால் அனுப்பிய நாட்டின் பல பத்து விமானங்களும், பழுதுபார்ப்புக் கூடங்களும், பயிற்சிப் பள்ளியும் நிற்கின்றன. பழுதான விமானம் ஊருக்குப் போகும், வேறொன்று வரும். களைத்த விமானி போவார், இன்னொருவர் வருவார். இரவல் வாங்கினால் நான்கு போதும். சொந்தமாக நான்கு வாங்கினால் பறப்பதற்கு ஒன்றிருந்தாலே அதிர்ஷ்டம்.

லிதுவேனியா தன் பணத்தை மூன்று சி-27ஜே போக்குவரத்து விமானங்களில் போட்டது, அறிவான முடிவு. ராணுவமே இல்லாத ஐஸ்லாந்துக்கு, அமெரிக்கர்கள் 2006-ல் கெப்லாவிக் தளத்தைக் காலி செய்துவிட்டுப் போன பின், 2008 முதல் நேட்டோ விமானங்கள் அவ்வப்போது வந்து தங்குகின்றன. ஸ்லோவேனியாவின் வானை இத்தாலியும் ஹங்கேரியும் பார்த்துக்கொள்கின்றன. லக்சம்பர்க்கின் வானை பெல்ஜியமும் நெதர்லாந்தும் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் ஒரு வேடிக்கை, வானிலிருந்தே ரேடாரால் கண்காணிக்கும் நேட்டோவின் அவாக்ஸ் எச்சரிக்கை விமானங்கள் ஜெர்மனியில் நின்றாலும் அவற்றின் பதிவு லக்சம்பர்க்கின் பெயரில். ஒரு போர் விமானமும் இல்லாத நாட்டின் சிங்கச் சின்னத்தை அந்த ராட்சத விமானங்கள் வாலில் சுமந்து திரிகின்றன.

அயர்லாந்து இந்த வசதியான ஏற்பாட்டுக்குள் வராது, ஏனென்றால் அது நேட்டோவில் இல்லை. அதன் வான்படையில் ஆயுதம் தாங்கக்கூடிய விமானம் என்றால் பேல்டோனல் தளத்தில் நிற்கும் பிலாட்டஸ் பிசி-9 பயிற்சி விமானங்கள்தான். முன்னால் சுழலும் விசிறி, இறக்கைக்கடியில் இயந்திரத் துப்பாக்கி. அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர். வட அட்லாண்டிக்கைக் கடக்கும் பயணிகள் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டருக்குக் குறையாமல் போகும். அதாவது அயர்லாந்தின் ஆயுதமேந்திய விமானத்தால், வழிதவறிய ஒரு சாதாரணப் பயணிகள் விமானத்தைத் துரத்திப் பிடிக்கவே முடியாது. ரஷ்யாவின் தொலைதூரக் குண்டுவீச்சு விமானங்கள் அயர்லாந்தின் மேற்குக் கரையோரமாக வந்துபோனபோது பின்தொடர்ந்தவை பிரிட்டனின் டைஃபூன்கள். நடுநிலை நாடு என்ற கொள்கையும் இந்த நடைமுறையும் எப்படிப் பொருந்துகின்றன என்பது ஐரிஷ் அரசியலில் ஆறாத புண். என் கருத்தில், சுவீடனும் ஸ்விட்சர்லாந்தும் நடுநிலைக்காகத்தான் அவ்வளவு விமானங்களை வைத்திருந்தன. விமானம் இல்லாத நடுநிலை அண்டை வீட்டாரின் தயவில் நிற்பது.

அதேநேரம் அயர்லாந்து 2023-ல் இரண்டு புதிய சி-295 கடல் கண்காணிப்பு விமானங்களை வாங்கியதையும் குறைத்துச் சொல்லக் கூடாது. தன் நிலப்பரப்பைவிடப் பல மடங்கு பெரிய கடற்பரப்புக்கு உரிமை கொண்டாடும் நாட்டுக்கு, மீன்பிடிப் படகையும் போதைப்பொருள் கப்பலையும் தேடிக் கண்டுபிடிக்கும் விமானம்தான் தினமும் உழைக்கும்.

இந்தத் தெரிவைக் கண்ணைத் திறந்துகொண்டு செய்த நாடு நியூசிலாந்து. 1970-ல் வாங்கிய 14 ஸ்கைஹாக் விமானங்களோடு (ஆம், அங்கேயும் பதினான்கு) ஆஸ்திரேலியாவின் பத்துப் பழைய ஸ்கைஹாக்குகளைச் சேர்த்து, எண்பதுகளின் பிற்பகுதியில் புதிய ரேடாரும் மின்னணுவும் பொருத்தி, மதிப்பான ஒரு தாக்குதல் படையை அது வைத்திருந்தது. தொண்ணூறுகளின் முடிவில் அமெரிக்காவிடமிருந்து 28 எஃப்-16 விமானங்கள் மலிவான குத்தகைக்கு வந்தன. அவை பாகிஸ்தானுக்காகக் கட்டப்பட்டு, அணு ஆயுத விவகாரத்தால் தடை விழுந்து, பாலைவனத்தில் நின்றுகொண்டிருந்தவை. ஹெலன் கிளார்க் பிரதமராக வந்ததும் 2000-ல் அந்தக் குத்தகையை ரத்து செய்தார். அடுத்த ஆண்டு டிசம்பர் 13-ல் வான் தாக்குதல் பிரிவே கலைக்கப்பட்டது. அவர் வைத்த வாதம் எளிமையானது: எங்களைத் தாக்கக்கூடிய விமானம் எதுவும் எங்கள் கரைவரை வந்து திரும்பும் தூரத்தில் இல்லை, அந்தப் பணம் போக்குவரத்துக்கும் கடல் கண்காணிப்புக்கும் போகட்டும். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் வாதத்தில் பழுது சொல்வது கடினம். (அந்த விமானப்படையின் வட்டச் சின்னத்தின் நடுவே இருப்பது கிவி, பறக்கத் தெரியாத பறவை. இந்தக் கிண்டலை 2001-க்கு முன்பிருந்தே அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.)

பணம் போன இடமும் தெரிகிறது. இன்று ஓஹாக்கியா தளத்தில் நான்கு பி-8 பொசைடன் கடல் கண்காணிப்பு விமானங்கள் நிற்கின்றன. அறுபதுகளிலிருந்து உழைத்த ஐந்து பழைய ஹெர்குலிஸ் போக்குவரத்து விமானங்களின் இடத்தில் 2024-ல் ஐந்து புதிய ஹெர்குலிஸ்கள் வந்துவிட்டன. பசிபிக் தீவுகளில் புயல் அடித்த மறுநாள் தண்ணீரும் கூடாரமும் கொண்டுபோய் இறக்குபவை இவைதான்.

ஆனால் ஸ்கைஹாக் விமானிகள் பலர் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். விமானங்களோ மேலுறை பூசப்பட்டு ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்து, கடைசியில் எட்டு மட்டும் 2012-ல் ஓர் அமெரிக்கத் தனியார் பயிற்சி நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. இன்று அந்நாடு மனதை மாற்றிக்கொண்டாலும், சொல்லித்தர உள்ளூரில் யாரும் இல்லை. இதே அனுபவம் பிலிப்பைன்ஸுக்கு நேர்ந்தது. 2005-ல் எஃப்-5 விமானங்களுக்கு ஓய்வு கொடுத்த பின், 2015 நவம்பரில் கொரியாவின் எஃப்ஏ-50 விமானங்கள் வந்து இறங்கும்வரை அதனிடம் ஜெட் போர் விமானமே இல்லை. தென்சீனக் கடலில் சீனா பவளத் திட்டுகளைத் தீவுகளாக்கிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் அப்போது வாங்கியதும் பன்னிரண்டுதான்.

நிரந்தரமாகக் கலைக்காமல் இடைவெளி விட நினைத்தால், இடைவெளியை யாராவது அடைத்தாக வேண்டும். ஸ்லோவாக்கியா தன் மிக்-29 விமானங்களை 2022 ஆகஸ்டில் தரையிறக்கியபோது அமெரிக்காவில் செய்யப்பட்டுக்கொண்டிருந்த எஃப்-16 விமானங்கள் தயாராகவில்லை. செக் குடியரசும் போலந்தும் அதன் வானைப் பார்த்துக்கொண்டன. முதல் எஃப்-16 விமானங்கள் வந்தது 2024 ஜூலையில். கூட்டணி இல்லாத நாட்டுக்கு இந்தச் சலுகை கிடைக்காது.

போக்குவரத்திலும் இதே பகிர்வு முறை நன்றாக வேலை செய்கிறது. ஒரு சி-17 ராட்சத விமானத்தை எஸ்தோனியா சொந்தமாக வைத்துக்கொள்வது நினைத்துப் பார்க்கவும் முடியாதது. ஆனால் ஹங்கேரியின் பாப்பா தளத்தில் 2009 முதல் நிற்கும் மூன்று சி-17 விமானங்களைப் பன்னிரண்டு நாடுகள் கூட்டாக வைத்திருக்கின்றன; ஒவ்வொரு நாடும் ஆண்டுக்கு இத்தனை பறப்பு மணி நேரம் என்று வாங்கிக்கொள்கிறது, எஸ்தோனியாவும் அதில் ஒன்று. நம் பக்கத்தில் மாலத்தீவு இந்தியா தந்த ஹெலிகாப்டர்களையும் டோர்னியர் விமானத்தையும் மருத்துவ அவசரங்களுக்குப் பயன்படுத்துகிறது. அவற்றை இயக்கிப் பராமரித்த இந்தியப் படையினர் வெளியேற வேண்டும் என்ற கோரிக்கை அங்கே தேர்தல் விவகாரமாகி, 2024-ல் அவர்களுக்குப் பதிலாக இந்தியக் குடிமைத் தொழில்நுட்பப் பணியாளர்கள் போனார்கள். விமானம் தருவது எளிது, அதன் கூடவே ஆட்களும் வருவார்கள் என்பதுதான் சிறிய நாடுகளுக்கு உறுத்தல்.

சிறிய நாடு என்றால் சிறிய படை என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட முடியாது. சிங்கப்பூர் எஃப்-15, எஃப்-16 எனச் சேர்த்து நூறை ஒட்டிய போர் விமானங்களை வைத்திருக்கிறது. தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போர் விமானம் ஓரிரு நிமிடத்தில் போய்விடும். பயிற்சி செய்யத் தலைக்குமேல் இடம் கிடையாது. ஆகவே அதன் விமானிகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரான்ஸிலும் நிரந்தரப் பயிற்சிப் பிரிவுகள் வைத்துப் பறக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை லிம் சூ காங் சாலையில் விளக்குக் கம்பங்களையும் பேருந்து நிறுத்தங்களையும் பிடுங்கிவிட்டு, அந்தப் பொதுச்சாலையில் போர் விமானங்களை இறக்கிப் பழகுகிறார்கள், ஓடுதளங்கள் போரின் முதல் மணி நேரத்திலேயே அடிபடும் என்று கருதி. வான்காவலைத் தாண்டி, உண்மையாகவே போரிடத் தயாராக வேண்டும் என்று ஒரு சிறிய நாடு முடிவெடுத்தால் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்பதற்கு அது அளவுகோல்.

ஆகவே, பதினான்கு விமானங்களால் என்ன பயன் என்ற கேள்விக்கு: பெரிய அண்டை நாடு முழுப் பலத்தோடு வந்தால் அவை அதிக நாள் தாங்காது, தாங்கும் என்று அந்நாட்டு அதிகாரிகளும் நினைப்பதில்லை. ஆனால் பதில் சொல்லாத விமானத்தை நோக்கிப் பதினைந்து நிமிடத்தில் தங்கள் கொடி போட்ட விமானம் மேலே எழும்பும், கூட்டணியின் அழைப்பு வந்தால் நான்கைத் தூக்கி ஷவுலேய்க்கு அனுப்ப முடியும். செக் கிரிப்பன்களும் ஹங்கேரியின் கிரிப்பன்களும் இதைப் பல முறை செய்திருக்கின்றன. பணம் குறைவு, ஆறு வாங்கிச் சமாளிக்கலாமே என்று எந்த அமைச்சராவது கேட்டால், ஆறுக்கும் சிமுலேட்டர் ஒன்று, ஆயுதக் கிடங்கு ஒன்று, பழுதுபார்ப்புக் கூடம் ஒன்று, பயிற்சிப் பள்ளி ஒன்று என்று பதினான்குக்கு ஆகும் அடிப்படைச் செலவில் பெரும்பகுதி ஆகிவிடும். வாரத்தில் நான்கு நாள், அதுவும் பகலில், இரண்டு விமானம் பறக்கும். ஜெனீவாவில் நடந்தது போன்ற அதிகாலை ஆறு மணிச் சம்பவத்துக்கு அந்த ஆறும் உதவாது.